எர்த் குழியில் ஊற்றிய உப்புத்தண்ணீர்

போன மாதம் மைக்செட் கடை வைத்திருக்கிற ஒருத்தர் என்னைத் தேடி வந்தார். ஏதோ ஒரு கோயில் கொடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில் போலீஸ் ஜீப்பின் ஒயர்லெஸ் பேச்சு வந்துவிட்டதாம். கூட்டம் சிரித்திருக்கிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா? மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டரை அத்தனை பேர் முன்னாலும் வைது விரட்டிவிட்டார். "அவன் எதையோ நோண்டியிருக்கான் அண்ணாச்சி, இல்லாம எப்படி வரும்?" என்று என்னிடமே கேட்கிறார். காப்பி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். வீட்டில் அதற்கு எனக்குத் திட்டு விழுந்தது, அது வேறு விஷயம்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலத்தில் தூத்துக்குடியில் இதே கேள்வியை வேறு ஒருத்தர் கேட்டார். நாற்பது வருஷம் ஓடிப் போச்சு. மெஷினில் கோளாறு வந்தால் பக்கத்தில் இருப்பவன் தலையில் கட்டுகிற புத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கதையை எழுதுங்கள் என்று தொழிலில் இருக்கிற இளவட்டங்கள் கேட்டபோதெல்லாம் தட்டிக் கழித்து வந்தேன். மைக்செட்காரர் புண்ணியத்தில் இன்றைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உடன்குடிக்காரன். அப்பாவுக்குக் கருப்பட்டி யாவாரம். எனக்குச் சிப்பம் கட்டுவதில் மனசு போகவில்லை, கம்பியிலும் வால்விலும்தான் போனது. மதுரையில், சினிமாத் தியேட்டர்களுக்கு ஒலி மெஷினை வாடகைக்குக் கொடுத்துப் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் ஈயம் காய்ச்சி ஒட்டியே கைவிரல் வெந்தது. பிறகு திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தியேட்டர்களுக்கு மெக்கானிக் ஆனேன். பயிற்சி அவ்வளவுதான், அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பிலிமின் ஓரத்தில் ஒலிக்கென்று ஒரு கோடு ஓடும். அதன்மேல் சின்ன விளக்கின் வெளிச்சம் விழும். மறுபக்கம் போட்டோ செல் என்கிற கண்ணாடிக் குமிழ், அந்த வெளிச்சம் கூடிக் குறைவதை மின்சாரமாக மாற்றும். கொசு முனகுகிற அளவு மின்சாரம். அதைக் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோய், வால்வு என்கிற கண்ணாடிக் குழல் ஒவ்வொன்றிலும் ஏற்றி, தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி பெரிதாக்க வேண்டும். கொசு முனகலைப் பெரிதாக்குகிற மெஷினுக்கு எந்தக் கொசு என்று தெரியாது. பக்கத்தில் எது முனகினாலும் பெரிதாக்கிவிடும். அதனால் கேபிளுக்கு மேல் உலோக வலை போர்த்தி, அந்த வலையையும் ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியையும் கம்பி போட்டு மண்ணோடு இணைப்போம். அந்தக் கம்பிதான் எர்த். வெளியிலிருந்து வருகிற ரேடியோ அலை வலையில் பட்டு மண்ணுக்குள் இறங்கிப் போய்விடும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பெரிய இன்ஜினியர் வரதராஜன். அவரைப் போல் கை சுத்தமான தொழில்காரரை நான் பிறகு பார்த்ததில்லை. மெஷினைத் திறப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார். உடனே திறக்க மாட்டார். முதலில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், அப்புறம் குனிந்து மோந்து பார்ப்பார். வாசனையை வைத்தே எந்த ரெசிஸ்டர் கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தால் "அப்படியா?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்கள் நடுங்குவோம்.

ஒவ்வொரு தியேட்டரின் புரொஜக்டர் கேபினிலும் அவர் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்று தொங்கும். ஆபரேட்டர் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல். அதில் ஒன்று, கம்பி மண்ணில் இறங்குகிற எர்த் குழியில் வாரம் ஒரு தடவை உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது. காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது, உப்பு ஈரம் இருந்தால் இறங்கும். மதுரைக்கும் விருதுநகருக்கும் அது சரி. தூத்துக்குடிக்கு? மண்ணே உப்பு, காற்றும் உப்பு. ஜன்னல் கம்பியை நக்கினால் கரிக்கும். அந்த ஊருக்கும் அதே அட்டையைத்தான் மாட்டினார்கள்.

தூத்துக்குடியில் எங்கள் மெஷின் ஓடிய தியேட்டரின் ஆபரேட்டர் சூசை அண்ணாச்சி. வயது நாற்பதுக்கு மேல். கடற்கரைத் தெருக்காரர். சின்ன வயசில் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவர். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் புரொஜக்டரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார். அட்டையில் எழுதியிருப்பது அவருக்கு வேதவாக்கு. வாரம் ஒரு தடவை என்று போட்டிருந்தால் அவர் தினமும் ஊற்றுவார். அதுவும் வீட்டு உப்பைக் கரைத்து இல்லை. சைக்கிளில் உப்பளத்துக்குப் போய், உப்பெடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சி நிற்கிற கசப்புத் தண்ணீரை டின்னில் பிடித்துக்கொண்டு வருவார். கையில் பட்டால் தோல் எரியும், அப்பேர்ப்பட்ட தண்ணீர். "கம்பெனி ஒரு பங்கு சொன்னா நாம பத்து பங்கு செய்யணும் தம்பி. மெஷினு நம்மளக் கைவிடாது" என்பார். அந்த ஊரில் உப்பு என்றால் யாருக்கும் கேடாகத் தோன்றாது, மீனையே உப்பில்தானே காப்பாற்றுகிறார்கள். அவர் ஊற்றுவதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு "நல்லது அண்ணாச்சி" என்றேன். இதை மறைத்துவிட்டு மற்றவர்களை மட்டும் திட்டினால் நான் யோக்கியன் இல்லை.

யுத்தத்துக்காகக் கடற்கரையில் புதிதாக ஒயர்லெஸ் கம்பம் நட்டார்கள். தியேட்டரிலிருந்து கூப்பிடு தூரம். நட்ட சில நாட்களில், மத்தியானக் காட்சியில், திரையில் ஒரு பெண் புருஷனை நினைத்து அழுதுகொண்டிருக்கும்போது, அழுகைக்கு மேலே "டிட் டா, டிட் டிட்" என்று தந்தி ஓசை. தரை டிக்கெட்டில் துறைமுகத்து ஆட்கள் கை தட்டியிருக்கிறார்கள். "ஏலே, கப்பலு பேசுது!" என்று ஒருத்தன் கத்தியிருக்கிறான். சூசை அண்ணாச்சி வியர்த்து விறுவிறுத்து, காட்சியை நிறுத்தி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாராம். கூட்டத்தில், அன்றைக்கு லீவில் இருந்த கம்பத்து ஒயர்லெஸ்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் சிகரெட் பெட்டியில் அந்த ஓசையைக் குறித்துக்கொண்டு போய் மேலே காட்டியிருக்கிறார். ஒரு கப்பலின் பெயரும் அது வருகிற நேரமும் அதில் இருந்தன. சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்து கேபினைப் பூட்டி முத்திரை வைத்தது. கேபினுக்குள் தந்தி மெஷினை ஒளித்து வைத்து எதிரிக்குச் சேதி அனுப்புகிறார் என்று சூசை அண்ணாச்சியை இழுத்துப் போய்விட்டார்கள். கப்பலில் வேலை பார்த்தவர் வேறா, சந்தேகத்துக்குக் கேட்க வேண்டுமா? "தந்தி பாஷை தெரியுமா?" என்று கேட்டதற்கு, இந்த மனுஷர் உள்ளதை உள்ளபடி, "ரெண்டு எழுத்துத் தெரியும் ஐயா" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் வரதராஜனும் நானும் போய் இறங்கினோம். போலீஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரே ஒரு கேள்விதான். மெஷின் கோளாறால் இப்படி ஓசை வருமா, வராதா? கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். வரும் என்றால் சூசை வெளியே வரலாம். வராது என்றால் அது தேசத்துரோகக் கேஸ், எந்த ஜெயில், எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது.

வரதராஜன் வழக்கம்போலவே கடிகாரத்தைக் கழற்றினார். சூடு பார்த்தார், மோந்தார். வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டார். போட்டோ செல் கேபிளின் வலையை ஜாண் ஜாணாக விரலால் தடவிக்கொண்டே போனார். அது எர்த் கம்பியோடு சேர்கிற இடத்திலிருந்து கம்பியைப் பின்தொடர்ந்து சுவரைத் தாண்டி வெளியே வந்தோம். குழிப் பக்கம் குந்தி உட்கார்ந்து மண்ணை ஒதுக்கினார். செம்புக் கம்பி, குழியில் புதைத்த இரும்புக் குழாயோடு சேர்கிற முட்டுவாய் பச்சைப் பசேல் என்று பூத்திருந்தது. கம்பியும் குழாயும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை, நடுவில் பச்சை உப்புதான் இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அதைப் பார்த்தாலே போதும். எர்த் அறுந்துவிட்டால் அந்த நீளக் கம்பி மண்ணுக்கு வழிகாட்டாது, ஏரியல் ஆகிவிடும். அரித்த செம்பு முட்டுவாய் அந்தக் காலத்துக் கல் ரேடியோவில் கல் செய்கிற வேலையைச் செய்யும், அலையைக் காதுக்குக் கேட்கிற ஓசையாக மாற்றும். கேபிள் வழியாக அது நேராக முதல் வால்வுக்குள் ஏறும். கடற்கரைக் கம்பத்தின் தந்தி தியேட்டரில் கேட்டது இப்படித்தான்.

அவர் கட்டைவிரலால் அந்தப் பச்சையைத் தேய்த்தார். என்னைப் பார்த்தார். கர்ச்சீப்பில் விரலைத் துடைத்தார். மண்ணை மறுபடி தள்ளி மூடினார். உள்ளே வந்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினார்: கருவிகள் அனைத்தும் சரியாக உள்ளன, கோளாறு ஏதும் இல்லை.

"சார், எர்த் முட்டுவாய்..." என்றேன்.

"அப்படியா?" என்றார். அப்புறம் அதே மெல்லிய குரலில், "உப்புத்தண்ணி ஊத்துன்னு கார்டுல போட்டது யாரு? நான். கம்பெனி மெஷின் மிலிட்டரி ரகசியத்தை ஊருக்கே ஒலிபரப்பிச்சுன்னு நான் எழுதினா, அடுத்து உள்ள போறது யாரு? உனக்குக் குடும்பம் இல்லையா?" என்றார்.

"சூசைக்கும் குடும்பம் இருக்கு சார்."

அவர் உதவியாளர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டி பேனாவை நீட்டினார். நான் போட்டேன். தொழில் தெரியாதவன் தப்பாக எழுதினால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்த ஒரு மனுஷன், விரலில் ஒட்டின பச்சையைத் துடைத்துவிட்டு எழுதினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கீழே கையெழுத்துப் போட்டவனை நினைத்தாலும் எரிகிறது.

அவர் சாயங்கால ரயிலில் மதுரைக்குப் போய்விட்டார். மெஷினை ஒழுங்குபடுத்தி வைக்க என்னை விட்டுவிட்டுப் போனார். தியேட்டர் வாசலில் சூசை அண்ணாச்சியின் சம்சாரம் பிலோமினா நின்றுகொண்டிருந்தார்.

"கம்பெனிலேருந்து பெரிய ஐயா வந்துட்டுப் போனாவளாம். என்ன எழுதிக் குடுத்தாவ தம்பி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அவுக தினமும் சைக்கிளு மிதிச்சுப் போய்த் தண்ணி கொண்டாந்து ஊத்துனது ஒங்க மெஷினுக்குத்தானே? வீட்டுக்குக் குடிக்கத் தண்ணி எடுக்கப் போனதில்ல. ஒங்க மெஷினுக்குப் போனாவ. நீங்க வாயத் தெறக்க மாட்டீகளோ?"

அந்த அம்மாள் குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "உங்க ரிப்போர்ட்தான் வந்தாச்சே, இன்னும் என்ன?" என்றார்.

"சார், சூசை உங்ககிட்ட லாக்கப்பில இருக்காரு. இப்ப நான் மெஷினைப் போடுதேன். தந்தி கேட்டா, அடிச்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். கணக்கு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சிகரெட் பெட்டியில் எழுதின ஒயர்லெஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

தியேட்டருக்குப் போகிற வழியிலேயே செட்டியார் கடை ஒன்றில் கொழும்பிலிருந்து வந்த தேயிலைப் பெட்டி காலியாகக் கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைக் கேட்டு உரித்து வாங்கிக்கொண்டேன். தியேட்டருக்குப் பின்னால், உப்புத்தண்ணீர் படாத இடமாகப் பார்த்துப் புதிதாக ஒரு குழாயை அடித்து இறக்கினேன். பட்டையான செம்புத் தகட்டை அதில் ஈயம் காய்ச்சி ஒட்டி, முட்டுவாயில் தார் பூசினேன். இன்ஸ்பெக்டர் நிழலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழைய எர்த்திலேயே மெஷினைப் போட்டேன். பிலிம் இல்லை, திரை வெள்ளையாக இருந்தது. வால்வு சூடேறி ஸ்பீக்கர் மெல்ல இரைந்தது. பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதுதான் காலி நாற்காலிகளுக்கு மேலே கணீர் என்று வந்தது, "டிட் டா, டிட் டிட்". அவர் கேபினுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னாலும் பெஞ்சுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தார். அங்கே என்ன இருக்கும், தூசிதான்.

ஒயர்லெஸ்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சார், இது எங்க ஸ்டேஷன். அன்னைக்குப் படத்துச் சத்தத்துல பிடிபடல. அடிக்கிறது யாருன்னே சொல்லிடுவேன். அவன் கடைசி எழுத்தை எப்பவும் இழுப்பான்" என்றார்.

நான் பழைய கம்பியைக் கழற்றிப் புதுத் தகட்டை மாட்டினேன். ஓசை முக்கால்வாசி அடங்கியது. முதல் வால்வைச் சுற்றி ஈயத்தாளைப் பொதிந்து அதையும் பெட்டியோடு சேர்த்தேன். வால்வின் வாசலில் ஒரு சின்ன மைக்கா கண்டென்ஸர் வைத்து ஒட்டினேன். காதுக்குக் கேட்கிற ஓசையை அது தொடாது, ரேடியோ அலையை மட்டும் ஓரமாக மண்ணுக்குத் திருப்பிவிடும். ஸ்பீக்கர் சுத்தமாக வாயை மூடிக்கொண்டது. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய கம்பியை மாட்டினேன், தந்தி திரும்ப வந்தது. மூன்று தடவை இப்படி மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"இதை உங்க இன்ஜினியர் ஏன் எழுதல?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அவசரத்துல கவனிக்கத் தவறிட்டாரு சார்" என்றேன். அந்த நேரத்திலும் மேலதிகாரியைக் காப்பாற்றத்தான் என் நாக்கு போனது. என்ன ஜென்மம் இது!

மத்தியானம் சூசை அண்ணாச்சியை விட்டார்கள். வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தார். "எந்த விரலால தந்தி அடிச்சே?" என்று கேட்டுக் கேட்டு லத்தியால் அடித்திருக்கிறார்கள். "உசுரு இருக்கு தம்பி, அது போதும். ரெண்டு வெரலுதான் மடங்க மாட்டேங்கு" என்றார். பிலோமினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார். அடித்தவர்கள் ஒருத்தராவது தப்பாகிவிட்டது என்று சொன்னார்களா? போ என்றார்கள், அவ்வளவுதான். காகிதம் எதுவும் தரவில்லை.

அந்தக் காகிதம் இல்லாததுதான் அவரைக் கொன்றது. தியேட்டர் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். "போலீஸ் கேஸ் ஆனவரைக் கேபின்ல ஏத்த முடியாது சூசை. உம்ம பேர்ல தப்பு இல்லன்னு கம்பெனில ஒரு பேப்பர் வாங்கிட்டு வாரும், நாளைக்கே வேலையில சேர்த்துக்கிடுதேன்" என்றார். கம்பெனிக்கு எழுதினோம். அறிக்கை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, மேற்கொண்டு கடிதம் வேண்டாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து எல்லாத் தியேட்டருக்கும் புது அட்டை வந்தது. கடலோர ஊர்களில் எர்த் குழியில் உப்புத்தண்ணீர் ஊற்றக் கூடாது, பட்டைச் செம்புத் தகடு போட வேண்டும், முட்டுவாயில் தார் பூச வேண்டும், முதல் வால்வை ஈயத்தாளால் பொதிய வேண்டும். ஒன்று விடாமல் நான் செய்த வேலை. கீழே வரதராஜன் கையெழுத்து. என் பெயர் இல்லை என்று எனக்கு வருத்தம் கிடையாது. உப்புத்தண்ணீர் ஊற்றச் சொன்னது நாங்கள்தான் என்று அதில் ஒரு வரி இருந்திருந்தால் சூசை அண்ணாச்சி பிழைத்திருப்பார். அந்த ஒரு வரிக்கு மனசு வரவில்லை. மெஷினைக் காப்பாற்ற இத்தனை உறை போட்டோம், மெஷினை ஓட்டின மனுஷனைக் காப்பாற்ற ஒரு காகிதம் எழுதவில்லை.

எந்தத் தியேட்டரும் அவரை எடுக்கவில்லை. பிறகு தோணிகளில் மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போனார். மடங்காத விரலோடு மூட்டையைப் பிடிக்க முடியுமா? பாதி நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் தூத்துக்குடிக்கு வருகிற போதெல்லாம் எப்படியோ தெரிந்துகொண்டு தியேட்டர் வாசலுக்கு வந்துவிடுவார். "பேப்பர் வந்துச்சா தம்பி?" என்று கேட்பார். "எழுதியிருக்கேன் அண்ணாச்சி, வரும்" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஏழு வருஷம் இப்படியே கேட்டார். அப்புறம் கேட்க அவர் இல்லை.

கம்பெனி கொடுக்காவிட்டால் என்ன, பரிசோதித்துப் பார்த்த மெக்கானிக் நான் இருந்தேனே. முதலாளி என் கையெழுத்தையும் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். வெறும் மெக்கானிக் எழுத்துக்கு மதிப்பு ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். வேலை போய்விடும் என்ற பயம், வேறு ஒன்றுமில்லை. வரதராஜனைத் திட்ட எனக்கு எவ்வளவு பாத்தியதை இருக்கிறதோ, அதில் பாதி என் தலைக்கும் வந்து சேர வேண்டும்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். யாருக்குக் காட்ட என்று தெரியாது, எழுதுகிறேன்.

தூத்துக்குடித் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த சூசை, கம்பெனி அட்டையில் கண்டபடி எர்த் குழியில் உப்புத்தண்ணீர் ஊற்றி வந்தார். அதனால் முட்டுவாய் அரித்து, கடற்கரை ஒயர்லெஸ் ஓசை ஆம்ப்ளிஃபயரில் நுழைந்தது. அவர் தந்தி மெஷின் எதுவும் வைத்திருக்கவில்லை. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு கம்பெனியுடையது. நேரில் பரிசோதித்தவன் நான்.

இதை எழுத எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.